இட்லிப் பானையும் ஆய்வுப் படிவமும்: உணவுப் பாதுகாப்புப் பயிற்சி என்றால் என்ன?

மும்பை தாராவியின் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்துகளில் விடிவதற்கு நெடுநேரம் முன்பே இட்லிப் பானைகள் கொதிக்கத் தொடங்கிவிடும். பொழுது புலரும்போது சைக்கிளின் பின்னால் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி, நம் ஊர்க்காரர்கள் சயான், மாட்டுங்கா, வடாலா, குர்லா என்று நாலா பக்கமும் பிரிந்து செல்வார்கள். இவர்களிடமும், அதே சந்துகளில் முறுக்கு பிழிந்து கடைகளுக்குப் போடும் பெண்களிடமும் உணவுப் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால், முதலில் வந்து விழும் சொல் ‘எஃப்.டி.ஏ.’, அதாவது மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகம், என்பதுதான். ‘ஆபீசர் வந்தால் என்ன கேட்பார், எதை எடுத்துக்கொண்டு போவார்’ என்ற கவலை அடுத்து வரும்.

அந்த அலுவலர் என்ன கேட்க வேண்டும் என்பதை அவருக்கு அரசு கற்பிக்கிறது. அதே அரசு, அவர் கேட்கப்போவதைச் சிறு உற்பத்தியாளருக்கும் கற்பிக்கிறது. இரண்டு பயிற்சிகளுக்கும் அடிப்படை ஒரே சட்டமும் ஒரே அட்டவணையும்தான். தேர்வுக்கான வினாத்தாள் முன்கூட்டியே கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாததால்தான் அச்சம் நீடிக்கிறது. இடைத்தரகர்களின் வருமானமும் அதனால்தான் நீடிக்கிறது. அந்த வினாத்தாளை இந்தக் கட்டுரையில் பிரித்துப் பார்க்கலாம்.

சட்டம் எங்கே மாறியது

1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தபோது, ‘ஃபுட் இன்ஸ்பெக்டர்’ என்று அழைக்கப்பட்டவரின் முதன்மையான வேலை கலப்படத்தைக் கண்டுபிடித்து வழக்குப் போடுவது. பாலில் தண்ணீர், மிளகாய்த் தூளில் செங்கல் பொடி என்று குற்றம் நடந்த பிறகு பிடிப்பதே அந்தச் சட்டத்தின் போக்கு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், அதையும் பழங்கள், இறைச்சி முதலியவற்றுக்குத் தனித்தனியாக இருந்த ஆணைகளையும் ஒன்றாகத் திரட்டியது. அதன் விதிகளும் ஒழுங்குமுறைகளும் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தன. இன்ஸ்பெக்டர் என்ற பெயர் மறைந்து உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்ற பெயர் வந்தது அப்போதுதான்.

மாறியது பெயர் மட்டுமன்று. உணவு கெடுவதற்கு முன்பே அது தயாராகும் இடம், நீர், கை, பாத்திரம், வெப்பநிலை ஆகியவற்றைச் சரிபார்ப்பது புதிய சட்டத்தின் நோக்கமாயிற்று. அந்த நோக்கம் நிறைவேற, பார்ப்பவருக்கும் சமைப்பவருக்கும் காரணம் புரிந்திருக்க வேண்டும். எனவேதான், உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்கும் அதில் இறங்க விரும்புபவர்களுக்கும் பயிற்சி அளிப்பதை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் கடமைகளுள் ஒன்றாகச் சட்டத்தின் 16ஆம் பிரிவே சேர்த்திருக்கிறது.

மும்பையில் யார் யார் என்பதில் ஒரு குழப்பம் உண்டு. அதைத் தீர்த்துவிட்டு மேலே செல்லலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்பது தில்லியில் தலைமையகம் கொண்ட மத்திய ஆணையம். தரங்களை வகுப்பது அதன் வேலை. அவற்றை மகாராஷ்டிரத்தில் நடைமுறைப்படுத்துவது பாந்த்ரா கிழக்கில் தலைமையகம் உள்ள மாநில உணவு மற்றும் மருந்து நிர்வாகம். நாம் எஃப்.டி.ஏ. என்பது இதைத்தான். மாநகராட்சியின் சுகாதார உரிமம் இவை இரண்டிலும் சேராத தனி விவகாரம். ஒன்று கையில் இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகாது.

அலுவலர் என்ன படிக்கிறார்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆவதற்கு உணவுத் தொழில்நுட்பம், பால் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், வேளாண் அறிவியல், கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் ஒன்றில் பட்டமோ, வேதியியலில் முதுகலைப் பட்டமோ, மருத்துவப் பட்டமோ வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. பட்டத்தோடு நின்றுவிடாமல், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் ஆணையம் வகுத்த பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். நுண்ணுயிரியலை நன்கு படித்த ஒருவருக்குக்கூடப் புட்டியை எப்படி முத்திரையிடுவது என்று தெரிந்திருக்காது என்பதால் இந்த நிபந்தனை அவசியமானதுதான்.

சிறு உற்பத்தியாளர் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் மிகுந்திருப்பது மாதிரி எடுக்கும் முறையில்தான். ஒரு கடையிலிருந்து உணவு மாதிரி எடுக்கும் அலுவலர், பொதுமக்களுக்கு அந்தப் பொருள் விற்கப்படும் விலையைக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். இலவசமாக அள்ளிக்கொண்டு போவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. பகுப்பாய்வுக்காகத் தாம் மாதிரி எடுப்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மாதிரியை 4 பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே முத்திரையிட்டு, யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவருடைய கையொப்பத்தையோ பெருவிரல் ரேகையையோ பெற வேண்டும். ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்குச் செல்கிறது. இரண்டு பாகங்கள், அந்தப் பகுதியின் உணவுப் பாதுகாப்பு நிர்வாகத்துக்குப் பொறுப்பான நியமன அலுவலரிடம் வைக்கப்படுகின்றன. நான்காவது பாகத்தை, உற்பத்தியாளர் கேட்டுக்கொண்டால், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி உரிமையைப் பயன்படுத்திய சிறு வியாபாரி ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை. அப்படி ஓர் உரிமை இருப்பதே அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை.

பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கை தவறு என்று கருதும் உற்பத்தியாளர் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பாகங்களுக்கு அப்போதுதான் வேலை வருகிறது.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று தோன்றலாம். பாலை எடுத்துக்கொள்வோம். வேதியியல் சோதனைக்கான பால் மாதிரி வழியில் கெட்டுவிடாமல் இருக்க, 25 மில்லி லிட்டருக்கு இரண்டு சொட்டு வீதம் ஃபார்மலின் சேர்க்க வேண்டும். நுண்ணுயிர்ச் சோதனைக்கான மாதிரியில் அதைச் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் எண்ண வேண்டிய கிருமிகளை நாமே கொன்றவர்கள் ஆவோம். இரண்டில் எதைத் தவறாகச் செய்தாலும் அறிக்கை பயனற்றதாகி, குற்றவாளி தப்புவார் அல்லது குற்றமற்றவர் மாட்டுவார். தக்க காரணமின்றித் தொல்லை தரும் நோக்கில் பொருளைக் கைப்பற்றும் அலுவலருக்கு 1 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்று 39ஆம் பிரிவு சொல்வதும் அலுவலரின் பாடத்தில் அடங்கியதே.

நான்காம் அட்டவணை என்னும் வினாத்தாள்

2011ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் பதிவு ஒழுங்குமுறைகளின் இறுதியில் உள்ள நான்காம் அட்டவணைதான் இருவரும் படிக்கும் பொதுப் பாடம். அதன் முதல் பகுதி, பதிவு மட்டும் பெற்ற சிறு உற்பத்தியாளர்களுக்கும் தெருவோர வியாபாரிகளுக்கும் உரியது. இரண்டாம் பகுதி உரிமம் பெற்ற தொழில்கள் அனைத்துக்கும் பொதுவானது. பால், இறைச்சி, உணவகம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பகுதிகள் பின்னால் வருகின்றன. முதல் பகுதி சில பக்கங்களே கொண்டது. குடிக்கத் தகுந்த நீர், கழுவத் தகுந்த தளம், மூடியுள்ள குப்பைக் கூடை, வெட்டிய நகம், கட்டுப்போட்ட காயம், தொற்று நோய் உள்ளவரை அடுப்பருகே விடாமை, வேலை நேரத்தில் புகையிலை மெல்லாமை என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்லாத எதையும் அது பெரிதாகச் சொல்லிவிடவில்லை.

உணவகங்களுக்கான ஆய்வுப் படிவம் இதை மதிப்பெண்ணாக மாற்றுகிறது. மொத்தம் 114 மதிப்பெண்கள். 100 அல்லது அதற்கு மேல் வாங்கினால் மிகச் சிறப்பு, 91 முதல் 99 வரை நிறைவு, 64 முதல் 90 வரை திருத்தம் தேவை, அதற்குக் கீழே தேர்ச்சியில்லை. ஆனால் சில கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி இடப்பட்டிருக்கும். அவை உணவின் பாதுகாப்பை நேரடியாகத் தொடுபவை என்பதால், அவற்றில் ஒன்றில் தவறினாலும் மற்ற மதிப்பெண்கள் காப்பாற்றுவதில்லை. சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு நீர்த் தொட்டியைக் கழுவாமல் விட்ட கடைக்காரர் தவறுவது இங்கேதான். இந்தப் படிவம் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. அலுவலர் வருவதற்கு முன்பே நமக்கு நாமே மதிப்பெண் போட்டுப் பார்க்க எந்தத் தடையும் இல்லை.

பதிவு வேண்டுமா உரிமம் வேண்டுமா என்பது ஆண்டு விற்றுமுதலைப் பொறுத்தது. 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் வகுத்த வரம்பின்படி 12 லட்சம் ரூபாய் வரை பதிவு போதுமானதாக இருந்தது. அதற்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். வரம்புகளும் கட்டணமும் திருத்தப்படக் கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் ‘ஃபோஸ்கோஸ்’ என்ற அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்வதே சரி. கிடைக்கும் எண் 14 இலக்கங்கள் கொண்டது. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். மகாராஷ்டிரத்தில் பதிவு பெற்றவர்களின் எண் 215 என்று தொடங்குவதன் காரணம் இதுவே. 100 ரூபாய் கட்டணத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் முகவர்களைப் பற்றி நான் கூடுதலாக எழுத வேண்டியதில்லை.

நான்கு மணி நேரத்தில் என்ன கற்கலாம்

சிறு உற்பத்தியாளர்களுக்கான திட்டத்தின் பெயர் ‘ஃபோஸ்டாக்’. சுங்கச்சாவடிக்காக வண்டியில் ஒட்டும் ‘ஃபாஸ்டாக்’ ஸ்டிக்கரோடு இதைக் குழப்பிக்கொண்டு, ‘என்னிடம் வண்டியே இல்லையே’ என்று ஓர் அண்ணாச்சி கேட்டதுண்டு. 2017இல் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில் ஆணையம் அங்கீகரித்த பயிற்சி நிறுவனங்கள் வகுப்பு நடத்துகின்றன. அடிப்படைப் பயிற்சி 4 மணி நேரம், மேல்நிலைப் பயிற்சி 8 மணி நேரம். பால், இறைச்சி, அடுமனை போன்றவற்றுக்குச் சிறப்புப் பயிற்சிகள் உண்டு. தெருவோர வியாபாரிகளுக்கென்றே ஓர் அடிப்படைப் பாடமும் இருக்கிறது. வகுப்பின் முடிவில் ஒரு தேர்வு. அதில் தேறியவர் உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் எனப்படுவார். அவருடைய சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். உரிமம் பெற்ற இடங்களில், உணவைக் கையாளும் 25 பேருக்கு இப்படி ஒருவராவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. அவர் கற்றுக்கொண்டு போய் மற்றவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்.

செம்பூரில் ஓர் அரங்கில் நடந்த வகுப்பு ஒன்றுக்கு, இட்லி வியாபாரம் செய்யும் அக்கா ஒருவருக்குத் துணையாகச் சென்றிருந்தேன். வகுப்பு இந்தியில் நடந்தது. ஆசிரியர், கிருமிகள் வேகமாகப் பெருகும் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையை ‘ஆபத்து வட்டம்’ என்று விளக்கியபோது, அக்கா என் பக்கம் திரும்பி, ‘இட்லி கொதிக்கக் கொதிக்கத்தானே போகிறது, நமக்கு என்ன ஆபத்து?’ என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. அதற்கான பதில் வகுப்பில் வரவில்லை என்பதால் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புளித்த மாவில் அமிலம் ஏறியிருப்பதால் நோய்க்கிருமிகள் பலவும் அதில் எளிதில் பெருகுவதில்லை. பிறகு அது ஆவியில் வேகிறது. ஆகவே இட்லி அந்தத் தட்டில் இருப்பவற்றுள் ஓரளவு பத்திரமான பண்டம். கவலைப்பட வேண்டியது தேங்காய்ச் சட்னியைப் பற்றி. அது அடுப்பைப் பார்ப்பதே இல்லை. மேலே கொட்டும் தாளிப்பு அதை வேகவைப்பதில்லை. ஈரமும் சத்தும் நிறைந்த அந்தச் சட்னிக்குள் நீரின் வழியாகவோ கையின் வழியாகவோ கிருமிகள் வந்து சேரலாம். மும்பையின் மே மாதப் புழுக்கத்தில், ஏற்ற சூழல் வாய்த்த ஒரு கிருமி ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அதிகாலை 4.30 மணிக்கு அரைத்த சட்னி, 9.30 மணிக்குக் கடைசி வாடிக்கையாளரிடம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் 5 மணி நேரம், அதாவது 15 முறை இரட்டிப்பு. 100 கிருமிகளோடு தொடங்கினால் 32 லட்சத்துக்கும் மேலாகிவிடும். சதுரங்கக் கட்டத்தில் நெல்மணி வைத்த கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதன்று. நடைமுறையில் வேகம் கூடலாம், குறையலாம். ஆனால் போகும் திசை இதுதான்.

தீர்வுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. கொதித்து ஆறிய நீரில் அரைப்பதும், ஒரே வாளியில் கொண்டுபோகாமல் சிறிய தூக்குகளில் பிரித்து மூடி, ஒவ்வொன்றாகத் திறப்பதும், தூக்குகளைச் சுற்றி ஐஸ் வைப்பதும் அந்த 15 இரட்டிப்புகளைப் பெருமளவு குறைத்துவிடும். ஐஸ் வாங்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டும். உண்ணத் தகாத, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான ஐஸ் நீல நிறத்தில் இருக்க வேண்டும் என்று மகாராஷ்டிரத்தில் 2018இல் உத்தரவிடப்பட்டது, நிறமற்றதே உண்பதற்கானது. ஐஸ் பாத்திரத்துக்கு வெளியே இருந்தாலும், உருகும் நீர் உள்ளே தெறிக்கும் என்பதை மறக்கலாகாது.

சாம்பாரின் சிக்கல் வேறு வகையானது. பெரிய அண்டாவில் மீந்த சாம்பார் நடுப்பகுதியில் மிக மெதுவாக ஆறும். கொதித்தபோதும் சாகாமல் உறங்கிக் கிடக்கும் சில கிருமிகளின் வித்துகள் அந்த வெதுவெதுப்பில் விழித்துக்கொள்கின்றன. எனவேதான் ஆய்வுப் படிவம், சமைத்த உணவு 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்துக்குள் ஆற வேண்டும் என்கிறது. அகலமான தட்டைப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றினாலே இது கைகூடும். மறுபடி சூடாக்கும்போது உணவின் நடுப்பகுதி 75 டிகிரியை எட்ட வேண்டும். கொதிநீரை ஊற்றிச் சூடாக்கியதாகக் கணக்குக் காட்டக் கூடாது என்று அதே படிவம் வெளிப்படையாகச் சொல்கிறது. நேற்றைய சாம்பாரில் ஒரு சொம்பு வெந்நீர் விட்டு ‘நீட்டுவது’ நம் கடைகளின் பழைய வித்தை. படிவத்தை எழுதியவருக்கும் அது தெரிந்திருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முறுக்கு பொரிக்கும் எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்வதால் உருவாகும் முனைவுச் சேர்மங்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2018 ஜூலை முதல் உள்ளது. அளக்கும் கருவி இல்லாதவர்கள், நீலம் கலந்த சாம்பல் நிறப் புகை, அடங்காத நுரை, கருமை ஆகியவற்றைக் கண்டதும் எண்ணெயை மாற்ற வேண்டும். செய்தித்தாளில் பண்டத்தைச் சுற்றக் கூடாது. அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவில் ஏறும். இட்லித் தட்டில் துணிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் தாளை விரிக்கக் கூடாது. 2025இல் கர்நாடகத்தில் இட்லி மாதிரிகளை ஆய்வு செய்தபின் அரசு தடை விதித்ததும் இதற்குத்தான்.

தஞ்சாவூர் வழியாக ஒரு கதவு

தொழிலைப் பெருக்க நினைப்பவர்களுக்கு மத்திய உணவுப் பதப்படுத்தும் தொழில் அமைச்சகத்தின் இன்னொரு திட்டம் வந்தது. 2020 ஜூன் 29 அன்று, 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில், குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களை முறைப்படுத்துவதற்காகத் தொடங்கப்பட்ட பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் அது. இயந்திரம் வாங்கும் தனிநபருக்குத் திட்டச் செலவில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, வங்கிக் கடனோடு இணைந்த மானியமாகக் கிடைக்க அது வழி செய்தது. சுய உதவிக் குழுவில் உணவு தயாரிக்கும் உறுப்பினருக்கு 40,000 ரூபாய் தொடக்க மூலதனம் என்ற ஏற்பாடும் அதில் அடங்கும். இதன் பயிற்சிப் பிரிவுக்குத் தலைமை ஏற்ற இரண்டு நிறுவனங்களுள் ஒன்று அரியானாவின் குண்ட்லியில் உள்ளது. மற்றொன்று நம் தஞ்சாவூரில், நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனம். தாராவியில் முறுக்கு பிழியும் பெண்ணுக்கான பாடம் காவிரிக் கரையில் தயாராகிறது என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

பயிற்சியால் தீராதவையும் உண்டு. 10க்கு 10 அடி வாடகை அறையில் அடுப்பும் படுக்கையும் ஒன்றாக இருக்கும் நிலையில், நான்காம் அட்டவணையின் ‘தனி இடம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்வது? சில மணி நேரமே வரும் குழாய் நீரைப் பீப்பாயில் பிடித்து வைப்பவரிடம் ‘ஓடும் நீரில் கை கழுவுங்கள்’ என்பதை எப்படிச் சொல்வது? அடியில் குழாய் பொருத்திய மூடிபோட்ட வாளி இதற்கு நல்ல மாற்று; விலையும் மலிவு. நல்ல ஆசிரியர் இதைச் சொல்லிக் கொடுப்பார், நல்ல அலுவலர் இதை ஏற்றுக்கொள்வார் என்றே நான் எண்ணுகிறேன். குறையைக் கண்டவுடன் கடையை மூடச் சொல்வது சட்டத்தின் பொது வழியும் அன்று. உடனடி ஆபத்து இல்லாத நிலையில், நியமன அலுவலர் முதலில் 32ஆம் பிரிவின் கீழ் மேம்பாட்டு அறிவிப்பு தருவார். எது குறை, எப்படித் திருத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். திருத்திக்கொள்ள 14 நாட்களுக்குக் குறையாமல் அவகாசம் தர வேண்டும்.

மொழிதான் எஞ்சியிருக்கும் பெரிய தடை. இந்தி பேசத் தெரிந்தவர்களுக்குக்கூட ‘குறுக்கு மாசு’ போன்ற கருத்து தாய்மொழியில் சொன்னால்தான் பிடிபடுகிறது. பச்சை இறைச்சி வெட்டிய கத்தியால் வெங்காயம் நறுக்கக் கூடாது என்று அதைத் தமிழில் ஒரே வரியில் சொல்லிவிடலாம். பத்து இருபது பேர் சேர்ந்து பயிற்சி நிறுவனத்தை அணுகித் தமிழ் தெரிந்த ஆசிரியரைக் கேட்டுப் பார்க்கலாம். இயலாவிட்டால், இரு மொழியும் அறிந்த பிள்ளைகளில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். அந்த அக்கா இப்போது ஆறு சிறிய தூக்குகளில் சட்னி கொண்டுபோகிறார். ஒவ்வொன்றின் மூடியிலும் அரைத்த நேரத்தைச் சாக்பீஸால் எழுதி வைப்பது அவருடைய ஏழாம் வகுப்பு படிக்கும் மகளின் வேலை.